பன்னிரண்டு தகரக் குதிரைகள் விஷயமாக

எங்கள் ஹினொசாவா நகராட்சியில் எந்தக் காரியமும் அவசரப்பட்டு நடந்ததில்லை. பனி மட்டும்தான் யாரையும் கேட்காமல் விழும். மற்ற எல்லாவற்றுக்கும் ஒரு பிரிவு உண்டு. அந்தப் பிரிவுக்கு ஒரு தலைவர் உண்டு. அந்தத் தலைவருக்கு மேலே ஒரு தயக்கம் உண்டு.

முதியோரின் மூளையை மழுங்காமல் காப்பது என்று நகராட்சி தீர்மானித்ததும் அவசரத்தில் அல்ல, பொறாமையில். பக்கத்து ஊர்க் கிழவர்கள் திரையில் ஓடும் கார்ப்பந்தய விளையாட்டில் ஜெயித்து, சிவப்புக் கோட்டு போட்டுக்கொண்டு, செய்தித்தாளில் படமாக வந்திருந்தார்கள். நாடு முழுக்க அப்போது அதுதான் நாகரிகம். பேரனிடமிருந்து பிடுங்கிய விளையாட்டுப் பெட்டியைப் பாட்டன்மார் கையில் கொடுத்தால் ஞாபகமறதி ஓடிவிடும் என்று யாரோ பேராசிரியர் சொல்லிவிட்டார். அந்தப் படத்தைப் பார்த்த நாள் முதல் எங்கள் மேயருக்குப் பசிக்கவில்லை. அதன் விளைவாக முதியோர் உற்சாக மேம்பாட்டுப் பிரிவு பிறந்தது. குராமோச்சி என்பவர் அதற்குத் தலைவரானார். அதற்கு முன் அவர் வடிகால் மூடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பொதுக்கூடத்தின் மாடியில் ஓர் அறை கிடைத்தது. தேர்தல் சமயத்தில் வேட்பாளர் படம் ஒட்டும் மரப்பலகைகளைப் போட்டுவைக்கும் அறை அது. பலகைகள் தற்காலிகமாக மாடிப்படி ஓரத்துக்குப் போயின. ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு வந்தது, ஒரு பெரிய திரை வந்தது.

எந்த விளையாட்டை வாங்குவது என்று குராமோச்சி இரண்டு வாரம் யோசித்தார். "வெளிக்காற்று, நடைப்பயிற்சி, பிராணிகளுடன் பழக்கம், மீன்பிடித்தல் ஆகியவை உள்ளடங்கியதாக இருத்தல் வேண்டும்" என்று கடைக்காரருக்கு எழுதினார். கடைக்காரர் அப்படியே எடுத்துக் கொடுத்தார். அமெரிக்காவின் மேற்குப் பாலைவனம், அதில் மலை, ஆறு, குதிரை, மான், மீன் எல்லாம் இருந்தன. அட்டைப் படத்தில் தழும்பு முகத்தோடு ஒருவன் இரண்டு கையிலும் துப்பாக்கி வைத்திருந்தான். மூலையில் 'பதினெட்டு வயது நிரம்பியவர்களுக்கு மட்டும்' என்று போட்டிருந்தது. குராமோச்சி அதைக் கவனமாகப் படித்துவிட்டு எங்கள் வயதையெல்லாம் சரிபார்த்தார். ஆட்சேபணை இல்லை என்று கண்டார்.

மாகாண அலுவலகம் ஒரே ஒரு நிபந்தனை போட்டது. நிதியாண்டு முடியும் மார்ச் மாதத்துக்குள், விளையாட்டில் தரப்படும் பணிகளில் ஒன்றையாவது நாங்கள் முடித்திருக்க வேண்டும். திரையில் 'நிறைவேறியவை: 1' என்று தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அறை பலகைகளுக்கே திரும்பிவிடும்.

எங்களில் மற்றவர்களுக்கு இது குளிர்காய ஓர் அடுப்பு கிடைக்கிற விஷயம். உஷிஜிமா சானுக்கு ('சான்' என்பது எங்கள் பக்கத்து 'அவர்கள்') அப்படியில்லை. அவர் எங்கள் ஊர் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு அவர் வீட்டில் பேசுவது சோறு வெந்ததும் மணியடிக்கும் பாத்திரம் மட்டும்தான். தொலைவில் சைட்டமாவில் இருக்கும் மகன் அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் இடம் சொல்லிவைத்திருந்தான்.

"எனக்கு இங்க தினமும் போறதுக்கு ஒரு இடம் இருக்குடா" என்று இவர் போனில் சொன்னார்.

"அந்த இடம் இல்லாமப் போச்சுன்னா?"

"போச்சுன்னா வந்துடறேன்."

ரயில்வேக்காரர் வாக்கு. எழுதி ஒட்டின கால அட்டவணை மாதிரி.

விளையாட்டின் கதாநாயகன் பெயர் ஜெத். கைப்பிடியை உஷிஜிமா சான் பிடித்துக்கொள்ள, நாங்கள் சுற்றி உட்கார்ந்து மாண்டரின் ஆரஞ்சு உரித்துக்கொண்டே வழி சொல்வோம். முதல் நாளே சிக்கல். ஜெத்தும் அவன் கூட்டாளிகளும் ஒரு வங்கி வாசலில் வந்து நின்றார்கள். உள்ளே போய்க் கொள்ளையடிப்பதுதான் முதல் பணி என்றது திரை.

ஹானெசாவா தொகியே எழுந்துவிட்டாள். தபால் நிலையத்தில் போஸ்ட்மிஸ்ட்ரஸாக இருந்தவள். முதுகு வளைந்தாலும் குரல் வளையாதவள்.

"தபாலாபீஸ்ல சேமிப்புக் கணக்கு உண்டு, தெரியும்ல? காலமெல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவ நான். என் கண்ணு முன்னாடியே பாங்க்கைக் கொள்ளையடிப்பீங்களா?"

"நான் எங்க அடிக்கிறேன்? இவன்தான் ஜெத்து..." என்றார் உஷிஜிமா சான்.

"பட்டன் உங்க கையிலதானே இருக்கு மாஸ்டரே!"

குராமோச்சி வரவழைக்கப்பட்டார். நகராட்சிக் கருவியைக் கொண்டு வங்கிக் கொள்ளை நடத்தியதற்கு முன்னுதாரணம் ஏதுமில்லை என்று தெரிவித்தார். பொதுக் கட்டடத்தில் துப்பாக்கியைப் பயன்படுத்துவதற்கும் முன்னுதாரணம் இல்லை என்று, கேட்காமலே கூடுதலாகத் தெரிவித்தார். ஆகவே ஜெத் குதிரையைத் திருப்பிக்கொண்டு மெதுவாகப் போய்விட்டான். கூட்டாளிகள் முகமூடியோடு வங்கி வாசலிலேயே நின்றார்கள். இப்போதும் நின்றுகொண்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

மேற்கில் துப்பாக்கி எடுக்காமல் உலவிய ஒரே ஆள் எங்கள் ஜெத்தாகத்தான் இருப்பான். எதிரில் வருகிற எல்லோருக்கும் தொப்பியைத் தூக்கி வணக்கம் வைத்தான். அடிக்கடி செத்தான். முதல் முறை செத்தபோது குராமோச்சி அறையை அன்றைக்கு மூடிவிட்டார்.

"உயிரிழப்புக்குக் காரணம்?"

"கரடி."

"தடுப்பு நடவடிக்கை?"

"கரடிகிட்டப் போகாம இருக்கறதுதான்" என்றார் உஷிஜிமா சான்.

எங்கள் மலைப் பக்கம் கீரை பறிக்கப் போகிறவர்கள் இடுப்பில் கரடிமணி கட்டிக்கொண்டு போவார்கள். சத்தம் கேட்டால் கரடி விலகிவிடும். ஜெத்தின் இடுப்பில் கட்ட வழியில்லாததால், ஜெத் காட்டுக்குள் நுழையும்போதெல்லாம் தொகியே திரைக்குப் பக்கத்தில் நின்று மணியை ஆட்ட வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. அதற்குப் பிறகு கரடி வரவில்லை. நாங்கள் சிரித்தோம். ஆனால் மணியை நிறுத்திப் பார்க்கலாம் என்று எங்களில் ஒருவர்கூடச் சொல்லவில்லை.

பணியைக் கண்டுபிடித்தது உலர் ஓடை என்னும் ஊரில். ஊர்க்கோடியில் ஒரு வீடு, வாசலில் திருமதி மெர்சர் என்ற விதவை. செத்துப்போன புருஷன் செய்த பன்னிரண்டு தகரக் குதிரைகளைக் கொள்ளைக்காரர்கள் கொண்டுபோய் ஒவ்வொன்றையும் ஒவ்வோர் இடத்தில் ஒளித்துவிட்டார்களாம். தேடித் தர வேண்டுமாம். திருடியதை இப்படித் தனித்தனியாக ஒளித்துவைக்கும் பொறுமை எந்தத் திருடனுக்கு உண்டு என்று நாங்கள் கேட்கவில்லை. அவள் அந்த வாசலில் உட்கார்ந்திருந்த விதம் எங்களில் பலருக்குத் தெரிந்த விதம்.

"இதை எடுத்துக்கலாம்" என்றார் உஷிஜிமா சான்.

ஒளித்துவைத்த பொருள் பக்கத்தில் இருந்தால் கைப்பிடி நடுங்கும். அதுதான் அடையாளம். உஷிஜிமா சானின் கையோ ஏற்கனவே நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆகவே அவர் போன இடமெல்லாம் புதையலாகத் தெரிந்தது. ஒரு வெறும் புல்வெளியில் ஒரு மதியம் முழுக்கச் சுற்றினோம். கடைசியில் தொகியே பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவர் கைமேல் கை வைத்தாள்.

"இது உங்க நடுக்கம். பேசாம நடங்க... நடங்க... ஆங், இது குதிரை!"

தேவாலயத்தின் உத்தரத்தில், புறாக்கூட்டுக்குப் பின்னால், உள்ளங்கை அளவில் ஒரு தகரக் குதிரை இருந்தது. எல்லோரும் கை தட்டினோம். உஷிஜிமா சான் 'எடு' என்ற பட்டனை அழுத்தப் போனார்.

"இருங்க" என்றாள் தொகியே. "யாரோட பொருள் இது?"

"அந்த அம்மாவோடதுதான்."

"அந்த அம்மா பார்த்துச் சொன்னாங்களா? நாமளா முடிவு பண்ணிக்கலாமா? கீழ கிடக்கிற பொருளை எடுத்தா எங்க கொண்டுபோய்க் குடுப்போம்?"

இதற்கு எங்கள் நாட்டில் ஒரே பதில்தான். குழந்தைகூடச் சொல்லும். ஒற்றைக் கையுறை கிடந்தாலும் போலீஸ் பெட்டியில், அதாவது தெருமுனையில் இருக்கும் குட்டிக் காவல் நிலையத்தில், கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஜெத் குதிரையில் ஏறி, இரண்டு மலை தாண்டி, உலர் ஓடை ஷெரீப்பின் அலுவலகத்துக்குப் போனான். ஷெரீப் நாற்காலியில் சாய்ந்து மேஜைமேல் கால் போட்டிருந்தார்.

"இதைக் கண்டெடுத்தோம்" என்று உஷிஜிமா சான் திரையைப் பார்த்துக் குனிந்து சொன்னார். நாங்களும் குனிந்தோம்.

"வம்புதும்புக்குப் போகாதே, நண்பா" என்றார் ஷெரீப். அவருக்கு அந்த ஒரு வசனம்தான்.

அதை ரசீதாக எடுத்துக்கொண்டு, குதிரையை மேஜைமேல் வைத்துவிட்டு வந்தோம். டிசம்பர் முழுக்க இப்படியே நடந்தது. சுரங்கக்காரன் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒன்று (உள்ளே போகுமுன் "மன்னிக்கணும், உள்ள வர்றோம்" என்று எல்லோரும் சத்தமாகச் சொன்னோம்). அருவிக்குப் பின்னால் ஒன்று. மதுக்கடைப் பியானோவுக்குள் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஷெரீப் எங்களை வம்புதும்புக்குப் போக வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

புத்தாண்டு விடுமுறை கழிந்து வந்து பார்த்தால் மேஜை காலி. தேவாலயத்து உத்தரத்தில் முதல் குதிரை பழையபடி புறாக்களுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது.

குராமோச்சி விளையாட்டுக் கம்பெனிக்குப் போன் போட்டார். நாங்கள் கேட்பதற்காக ஒலிபெருக்கியை வைத்தார். மறுமுனையில் ஓர் இளம்பெண்.

"மிகவும் மன்னிக்கணுங்க. அந்தப் பொருளைக் கீழ வச்சா அது பழைய இடத்துக்கே போயிடுங்க. பையிலேயே வச்சுக்கணும்."

"அடுத்தவங்க பொருளையா?"

"...மன்னிக்கணுங்க."

"உங்க ஷெரீப் வேலையில அலட்சியமா இருக்கார். தெரியுமா?"

"அவர் சார்பா நாங்க மனசார மன்னிப்புக் கேட்டுக்கறோங்க."

"இனிமே இப்படி நடக்காம இருக்க என்ன பண்ணப்போறீங்க?"

அந்தப் பெண் இன்னொரு முறை, முன்னைவிட ஆழமாக, மன்னிப்புக் கேட்டாள். குராமோச்சிக்குத் திருப்தி. போனைப் பார்த்துக் குனிந்துவிட்டு வைத்தார்.

ஷெரீப் நம்பத்தகாதவர் என்று தீர்மானமானதால் எங்கள் ஊர்ப் போலீஸ்காரர் நாகுமோவைக் கூப்பிட்டோம். ஸ்டேஷன் ரோட்டுப் போலீஸ் பெட்டியில் இருப்பவர். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, திரையை வெகுநேரம் பார்த்தார்.

"அந்த அம்மா அடையாளம் ஏதாவது சொன்னாங்களா? நிறம், கீறல், காது உடைஞ்சது, அந்த மாதிரி?"

"பன்னிரண்டு குட்டிக் குதிரைன்னு சொன்னாங்க."

"அது எண்ணிக்கை. அடையாளம் ஆகாது. சொந்தக்காரர் யாருன்னு உறுதியாகல." அவர் வருத்தத்தோடு தலையாட்டினார். "ஒண்ணு பண்ணலாம். நீங்களே பத்திரமா வச்சிருங்க. மூணு மாசம் பார்ப்போம். யாரும் அடையாளம் சொல்லி வரலைன்னா கண்டெடுத்தவங்களுக்கே சொந்தம். சட்டம் அப்படி."

"மூணு மாசமா? மார்ச்சுக்குள்ள முடிக்கணுமே!" என்றாள் தொகியே.

நாகுமோ யோசித்தார். "சம்பவம் நடந்த இடம் அமெரிக்கா. அங்கத்து நாள் கணக்குப்படி மூணு மாசம் போதும்னு நினைக்கிறேன்."

மறுபடி எல்லாவற்றையும் தேடி எடுத்தோம். இந்த முறை கை பழகியிருந்தது. இவர் கை எது, கைப்பிடி எது என்று தொகியேவுக்குத் தொடாமலே தெரியும் அளவுக்குப் பழகிவிட்டது. ஆனாலும் தொட்டுத்தான் சொன்னாள். பன்னிரண்டாவது குதிரை கழுகுக்கூட்டில் இருந்தது. அதை எடுப்பதற்குள் ஜெத் ஏழெட்டு முறை மலையிலிருந்து விழுந்தான், குராமோச்சிக்குச் சொல்லவில்லை.

பிறகு ஜெத் ஒரு குன்றின் பின்னால் கூடாரம் போட்டுக்கொண்டு தூங்க ஆரம்பித்தான். சட்டம் சொன்ன மூன்று மாதத்தையும் தூங்கியே கழிக்க வேண்டும். 'தூங்கு' என்று அழுத்தினால் இருட்டும், விடியும். மறுபடி அழுத்தினால் மறுபடி இருட்டும், விடியும். வெளியே எங்கள் ஊரில் பனி பெய்துகொண்டிருந்தது. திரையில் பாலைவனத்து நட்சத்திரங்கள் வந்து வந்து போயின. ஒரு வாழ்க்கை எவ்வளவு சுலபமாகக் கழிந்துவிடுகிறது என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஜெத்தின் தாடி மார்பைத் தாண்டியது. உஷிஜிமா சானும் பாதியில் தூங்கிவிட்டார். கட்டைவிரல் மட்டும் அழுத்திக்கொண்டே இருந்தது.

எவரும் அடையாளம் சொல்லி வரவில்லை. பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, நாகுமோ கடிகாரத்தைப் பார்த்து, "சட்டப்படி ஆயிடுச்சு. வாழ்த்துகள்" என்றார். "கண்டெடுத்தவர் பேர் என்ன?"

"நான்தான். உஷிஜிமா."

"மன்னிக்கணும் மாஸ்டரே" என்று குராமோச்சி குறுக்கிட்டார். "குனிஞ்சு எடுத்தது ஜெத். ஜெத் இருக்கறது இந்தப் பெட்டியில. பெட்டி யாரோடது?"

பெட்டியைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கம் 'ஹினொசாவா நகராட்சிச் சொத்து' என்று வில்லை ஒட்டியிருந்தது. ஆகவே பன்னிரண்டு தகரக் குதிரைகளும் ஹினொசாவா நகராட்சியின் சொத்து.

"சரி, சொத்தாவே இருக்கட்டும். இப்ப அந்த அம்மாகிட்டக் கொண்டுபோய்க் குடுக்கலாமா?" என்று கேட்டாள் தொகியே.

குராமோச்சியின் முகம் வெளுத்தது. "நகராட்சிச் சொத்தைத் தனிநபருக்கு இனாமாவா? மன்றத்துல தீர்மானம் வேணும்."

மார்ச் மாத மன்றக் கூட்டத்தில், பாலம் பழுதுபார்ப்புக்கும் பன்றித் தொல்லைக்கும் நடுவில், தகரக் குதிரைகள் எடுத்துக்கொள்ளப்பட்டன. நாங்கள் பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். ஓர் உறுப்பினர் எழுந்தார்.

"மேற்படி மெர்சர் என்பவர் நமது நகரவாசியா?"

"இல்லை. உலர் ஓடைவாசி" என்றார் குராமோச்சி.

"வெளியூர்க்காரருக்கு நமது சொத்தை ஏன் கொடுக்க வேண்டும்? நமது ஊர் விதவைகளுக்கு நாம் என்ன குதிரை கொடுத்தோம்?"

மன்றத்தில் பலத்த கைதட்டல். பார்வையாளர் பெஞ்சில் விதவைகள் அதிகம். எங்களில் சிலரும் தட்டிவிட்டோம், எதற்கென்று யோசிக்காமல்.

மேயர்தான் வழி கண்டார். உலர் ஓடையைச் சகோதர நகரமாக்கிக்கொண்டால் நட்பின் சின்னமாகக் கொடுக்கலாம் என்றார். சகோதர நகரமாவதற்கு அந்தப் பக்கத்து மேயரின் சம்மதம் வேண்டும். உலர் ஓடைக்கும் ஒரு மேயர் உண்டு. கடைத்தெருவில் தொப்பியோடு நிற்பவர். எங்கள் மேயர் சூட்டு கோட்டோடு மாடியேறி வந்து, திரை முன்னால் நின்று, ஐந்து நிமிடம் உரையாற்றிவிட்டுக் குனிந்தார்.

"உன் ஓட்டு எனக்குத்தானே?" என்றார் உலர் ஓடை மேயர்.

"பாருங்க, எந்த ஊரா இருந்தாலும் நாங்க ஒரே ஜாதி" என்று எங்கள் மேயர் கண் கலங்கினார். ஒப்பந்தம் ஆயிற்று.

மாகாணத்திலிருந்து மேற்பார்வையாளர் சாகினுமா அம்மையார் மார்ச் மாதக் கடைசியில் வந்தார். மெலிந்தவர், மரியாதையானவர். காலணியைக் கழற்றி வைத்த விதத்திலேயே அவர் எதையும் விட்டுக்கொடுக்க மாட்டார் என்று தெரிந்தது. அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார வைத்தோம். குராமோச்சி சுவரோரம் விறைத்து நின்றார். உஷிஜிமா சான் அன்றைக்குச் சவரம் செய்து டை கட்டியிருந்தார். கட்டைவிரல் வெளுத்திருந்தது.

ஜெத், முழங்கால்வரை தாடியோடு, விதவையின் வாசலில் இறங்கினான். பன்னிரண்டு குதிரைகளையும் ஒவ்வொன்றாகப் படிக்கட்டில் நிறுத்தினான். திருமதி மெர்சர் அவற்றைப் பார்த்தாள். ஒன்றை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். எங்களில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். சாகினுமா அம்மையாராகக்கூட இருக்கலாம்.

அப்புறம் அவள் உள்ளே போய் ஒரு பழைய துப்பாக்கியை எடுத்துவந்தாள். "இது என் கணவருடையது. உனக்குத்தான். வாங்கிக்கொள்." திரையில் இரண்டு வழி காட்டியது. ஒன்று: 'வாங்கிக்கொள்கிறேன்.' மற்றது: 'வேண்டாம் அம்மா.'

உஷிஜிமா சான் யோசிக்கவே இல்லை. 'வேண்டாம் அம்மா' என்று அழுத்தினார்.

எல்லோரும் திருப்தியாகத் தலையாட்டினோம். குராமோச்சி தலையாட்டினார். சாகினுமா அம்மையாரும் தலையாட்டினார். கொடுத்த கையோடு வாங்கிக்கொள்வது எங்கள் பக்கம் கைக்குழந்தை மட்டும்தான். முதல் முறை வேண்டாம் என்போம். அவர்கள் வற்புறுத்துவார்கள். இன்னொரு முறை வேண்டாம் என்போம். இன்னும் வற்புறுத்துவார்கள். அப்புறம்தான், தலையெழுத்தே என்பதுபோல, வாங்கிக்கொள்வோம். விதவை வற்புறுத்துவதற்காகக் காத்திருந்தோம்.

"சரி, உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டுத் திருமதி மெர்சர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

திரையில் எழுத்து வந்தது. 'வெகுமதி நிராகரிக்கப்பட்டது. பணி கைவிடப்பட்டது. நிறைவேறியவை: 0.'



"ரெண்டாந்தரம் கேக்கவே இல்லையே அந்த அம்மா" என்றார் உஷிஜிமா சான் மெல்ல. கதவு மறுபடி திறக்கும் என்று அவர் கைப்பிடியைக் கீழே வைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

சாகினுமா அம்மையார் பேனாவை மூடினார். திறந்தார். ஒரு மேற்பார்வையாளர் அப்படிச் செய்து நாங்கள் பார்த்ததில்லை. "பூஜ்யம்னுதான் எழுதணும்" என்றார். "ஆனா... இப்படி ஒரு வேலையை நான் எங்கயும் பார்த்ததில்ல. நான் வேணா பேசிப் பார்க்கட்டுமா? இன்னும் ஒரு வருஷம் இந்த அறையை வச்சுக்கலாம்னு?"

எல்லோரும் தொகியேவைப் பார்த்தோம். எங்கள் சார்பில் பேசுவது அவள்தான். தொகியேவின் முகத்தில் வெளிச்சம் வந்ததைப் பார்த்தேன். அவள் தரையில் கை ஊன்றிக் குனிந்தாள்.

"ஐயோ, வேண்டாங்க. எங்களுக்காக நீங்க எதுக்கு அவ்வளவு சிரமப்படணும்!"

நாங்களும் குனிந்தோம். "ஆமாங்க, பெரிய தொந்தரவு" என்றோம். குனிந்தபடியே அடுத்த வற்புறுத்தலுக்குக் காத்திருந்தோம்.

சாகினுமா அம்மையாருக்கு மாலை ரயிலைப் பிடிக்க வேண்டியிருந்தது. "அப்படீங்களா. சரிங்க" என்றார். 'பயனாளிகள் தாமாகவே விலகிக்கொண்டனர்' என்று எழுதினார். குராமோச்சி வாயைத் திறந்தார். பயனாளிகள் சார்பில் பிரிவுத் தலைவர் வற்புறுத்துவதற்கு முன்னுதாரணம் இல்லை. மூடிக்கொண்டார்.

மறுநாள் பலகைகள் உள்ளே போயின. நாங்கள் அறையில் உட்காரப் போட்டிருந்த சின்ன மெத்தைகளை ஆளுக்கொன்றாகக் கட்டிப்பிடித்துக்கொண்டு மாடிப்படியில் நின்றோம். யாருக்கும் முதலில் இறங்க மனசு வரவில்லை. உஷிஜிமா சான் அறையில் கிடந்த கரடிமணியை எடுத்துவந்து தொகியேவிடம் கொடுத்தார். "சனிக்கிழமை கிளம்பறேன். பையன் வர்றான்" என்றார்.

"அப்படியா" என்றாள் தொகியே. மணியை ஆடாமல் பிடித்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "நாளைக்கு எங்க வீட்டுப் பக்கம் வந்துட்டுப் போங்களேன். அடுப்பு இருக்கு. புகைபோட்ட முள்ளங்கி ஊறுகாய் இருக்கு."

எங்கள் ஊரில் இப்படிச் சொல்வது பேச்சை முடிப்பதற்காக. போய்வருகிறேன் என்பதைவிடக் கொஞ்சம் நாகரிகமானது. அதற்கு ஒரே பதில், 'ஐயோ, உங்களுக்கு எதுக்குத் தொந்தரவு.'

உஷிஜிமா சான் கையிலிருந்த மெத்தையைப் படியில் வைத்தார்.

"எத்தனை மணிக்கு?" என்றார்.

அனுப்புநர் முகவரி இல்லாத பார்சல் கையில் வந்தவள் மாதிரி ஆயிற்று தொகியேவின் முகம். "ப... பத்து மணிக்கு" என்றாள்.

பத்து மணிக்கு வந்துவிட்டார். மறுநாளும் வந்தார். ஊரே பேசியது. "கூப்பிட்ட உடனே போயிட்டாராமே! மனுஷன் வெக்கப்பட வேண்டாம்?" என்று நாங்களும்தான் பேசினோம். அப்படி என்னதான் நடக்கிறது என்று பார்ப்பதற்காக ஒருத்தர் போனோம், இரண்டு பேர் போனோம், அப்புறம் எல்லோருமே போனோம். தொகியே தன் பேரனின் பழைய விளையாட்டுப் பெட்டியை, அதே விளையாட்டோடு, எடுத்து வைத்திருந்தாள். வேறொரு ஜெத், புதிதாகச் சவரம் செய்த முகத்தோடு, பழைய பாலைவனத்தில் நின்றான். அவள் கை அவர் கைமேல் இருந்தது.

சனிக்கிழமை, கூட்டிப்போகக் கிளம்புமுன் மகன் போன் செய்தான். "அந்த இடம்தான் இல்லாமப் போச்சேப்பா, கிளம்பத் தயாரா?"

"வேற இடம் வந்துடுச்சுடா" என்றார் உஷிஜிமா சான்.

ஏப்ரல் பிறந்தும் பனி விடவில்லை. ஒரு காலை தொகியே வீட்டுக் கதவு தட்டப்பட்டது. குராமோச்சி, தோளெல்லாம் பனியோடு வாசலில் நின்றார். முதியோர் எந்தப் பிரிவின் கீழும் வராமல், அனுமதியின்றி, தாமாகவே உற்சாகமாக இருப்பதாக அலுவலகத்துக்குத் தகவல் வந்திருக்கிறதாம். அதை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லையாம். அவருடைய பிரிவையும் மூடிவிட்டார்களாம், மறுபடி வடிகால் மூடிக்கே போகிறாராம். அதையும் சொன்னார். சொல்லிவிட்டும் போகாமல், எங்கள் தோள்களுக்கு மேலாக அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"உள்ள வாங்க தலைவரே, டீ குடிச்சிட்டுப் போங்க" என்றாள் தொகியே.

"ஐயோ, வேண்டாங்க. உங்களுக்கு எதுக்குத் தொந்தரவு" என்றார் குராமோச்சி.

"சரி, உங்க இஷ்டம்" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

கதவின் மங்கல் கண்ணாடியில் அவருடைய நிழல் அசையாமல் நின்றது. தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, லேசாகக் குனிந்து, இரண்டாம் முறைக்காகக் காத்துக்கொண்டிருந்தது. யாராவது எழுந்துபோய் இன்னொரு தரம் கூப்பிடத்தான் வேண்டும் என்று எங்களில் ஒவ்வொருவரும் நினைத்தோம். ஆனால் ஜெத் அப்போதுதான் தேவாலயத்துக்குள் நுழைந்திருந்தான். அடுப்பு வேறு இதமாக எரிந்துகொண்டிருந்தது.